ஆற்றின் கடைமடையில் ஓர் ஏரி: கட்டுக்கரைக்குளமும் மன்னார்க் கரையின் குடியிருப்பும்

கேள்வி

பேரேரிகளைப் பற்றிய புவியியல் நூல்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் செல்கின்றன. நிலம் பிளந்தோ, பனிப்பாறை அரித்தோ, எரிமலை வாய் நிரம்பியோ ஏரி பிறக்கிறது. நன்னீரையும் மீனையும் வண்டல் மண்ணையும் நாடி மனிதர் அதன் கரைக்கு வருகின்றனர். ஏரி முந்தியது, ஊர் பிந்தியது என்பதே அந்த வரிசை. சைபீரியாவின் பைக்கால் ஏரிக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரிக்கும் அது பொருந்தும். மன்னார்க் கரைக்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

மன்னார்த் தீவுக்குத் தென்கிழக்கே, பெருநிலத்தில் கட்டுக்கரைக்குளம் இருக்கிறது. ஆங்கிலேயர் இதை ‘ஜயன்ற்ஸ் ராங்க்’ என்று எழுதினர். இதன் குளக்கட்டு ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் நீளமானது. இதன் நீரை நம்பி 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் உள்ளன. மாரி முடிந்த தை மாதத்தில் குளக்கட்டில் நின்று பார்ப்பவர் இதை இயற்கை ஏரி என்றே எண்ணுவார். உண்மையில் இது ஒரு பக்கம் மட்டும் மண்ணால் அடைக்கப்பட்ட, ஆழமற்ற, மனிதர் செய்த ஏரி. இதைச் சுற்றியும் இதன் கீழும் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். ஆகவே ‘ஏரி இருந்ததால் மக்கள் வந்தனர்’ என்ற விடை எளிதில் கைக்கு வந்துவிடுகிறது.

அந்த விடை போதாது என்பது என் கருத்து. இக்கரைக்கு மக்கள் வந்ததற்கு வேறு காரணங்கள் இருந்தன. வந்தவர்கள் கிணறும் ஊர்க்குளமும் வெட்டி வாழ்ந்தனர். அவற்றை இணைத்துப் பெருக்கிய பெருங்குளம் பிறகே வந்தது. அது ஆற்றின் கடைமடையில் அமைந்ததால், அதன் வாழ்வும் தாழ்வும் மேலே ஆற்றோரம் வாழ்ந்தவர்களின் கையில் போய்ச் சேர்ந்தன. இவ்வாதத்துக்கு ஆதரவான சான்றுகளையும் எதிரான சான்றுகளையும் பின்வரும் பகுதிகளில் நிறுத்துப் பார்க்கலாம்.

இயற்கை தராத ஏரி

ஏரிகளின் பிறப்பை முறையாக வகுத்தவர் ஜி. ஈவ்லின் ஹட்சின்சன். 1957இல் வெளிவந்த நன்னீரியல் நூலின் முதல் தொகுதியில் அவர் ஏரிகளை 11 பெரும் பிரிவுகளாகவும் 76 வகைகளாகவும் பிரித்தார். ஆழமும் நீண்ட ஆயுளும் உடைய ஏரிகளைத் தருவது நிலப்பிளவு. பைக்கால் ஏரி 1,600 மீற்றருக்கு மேல் ஆழமானது; அதன் வயது ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகள். வட அமெரிக்காவின் பேரேரிகள் கடைசிப் பனியுகம் பின்வாங்கியபோது உருவானவை. சுமாத்திராவின் தோபா, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்துச் சரிந்த எரிமலையின் வாயில் தேங்கிய நீர்.

இலங்கைக்கு இவற்றில் எதுவும் வாய்க்கவில்லை. தீவின் பெரும்பகுதி முன்கேம்பிரியக் காலத்துப் பளிங்குருப் பாறை. அங்கு விரியும் பிளவும் இல்லை, உயிருள்ள எரிமலையும் இல்லை, பனிப்பாறை அரித்த பள்ளமும் இல்லை. வடமேற்குக் கரை மட்டும் சற்று வேறுபட்டது. மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை அங்கே பழைய பாறையின் மேல் கிடக்கிறது. புத்தளம் முதல் மன்னார் வழியாக யாழ்ப்பாணக் குடாநாடு வரை நீளும் பட்டை இது. மன்னாருக்குத் தெற்கே வில்பத்துக் காட்டில் காணப்படும் வில்லுகள் இந்நிலத்தின் இயற்கைத் தடாகங்கள். மழைநீர் தேங்கி, கோடையில் சுருங்கி, சில இடங்களில் உவர்ப்பேறி நிற்கும் இவற்றைப் பேரேரி என்று சொல்ல முடியாது. ஆனாலும் தட்டையான இந்த நிலம் நீரை எப்படி ஏந்திக்கொள்கிறது என்பதை இவையே காட்டுகின்றன.

இதே தட்டைத்தன்மைதான் கட்டுக்கரைக்குளத்தையும் சாத்தியமாக்கியது. மலைநாட்டில் இரு குன்றுகளுக்கு இடையே உயரமான குறுகிய அணை போதும். மன்னார்ச் சமவெளியில் குன்றுகள் இல்லை. கடலை நோக்கி மிக மெதுவாகச் சாயும் நிலத்தின் குறுக்கே தாழ்ந்த, நெடிய மண்கட்டு எழுப்பப்பட்டது. அதனால் கிடைத்தது அகலம் மிகுந்த, ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு. ஆண்டு மழை 1,000 மில்லிமீற்றரை ஒட்டியே நிற்கும் ஊர் இது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்து முடிகிறது. ஆவியாதல் மழையை மிஞ்சுகிறது. இத்தகைய நிலத்தில் ஆழமற்ற குளம் தன் நீரேந்து பரப்பை மட்டும் நம்பினால் ஆடிக்கு முன்பே அடிமண் தெரிந்துவிடும்.

எனவே ஆற்றை அழைத்துவர வேண்டியிருந்தது. ரிட்டிகல மலைப்பக்கம் பிறந்து, அநுராதபுரத்தைக் கடந்து, 164 கிலோமீற்றர் ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கும் மல்வத்து ஓயாவை இங்கே அருவியாறு என்கிறார்கள். அதன் குறுக்கே தேக்கம் என்ற இடத்தில் பொளிகற்களால் பண்டைய அணை கட்டப்பட்டது. அங்கே உயர்ந்த நீரை வாய்க்கால் குளத்துக்குக் கொண்டுவந்தது. ஹட்சின்சனின் வகைப்பாட்டில் மனிதர் உண்டாக்கிய நீர்நிலைக்கும் இடமுண்டு. ஆனால் அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் என்று மட்டும் சொன்னால் கட்டுக்கரையின் இயல்பு விளங்காது. இது ஆற்றின் மேல் கட்டப்பட்ட ஏரி அல்ல, ஆற்றிலிருந்து பக்கவாட்டில் அழைத்துவரப்பட்ட ஏரி.

பாக்கு நீரிணைக்கு அக்கரையில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. வைகை கடலைச் சேருமுன் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் நிரம்புகிறது. நல்ல மழையாண்டில் மட்டுமே மிச்சம் கடலுக்குப் போகிறது. மழை குறைந்த தட்டையான கரை, நெடுந்தூரம் ஓடிக் களைத்த ஆறு, அதன் கடைசியில் அகன்ற மண்கட்டுக் குளம் என இருபுறமும் ஒரே தீர்வு. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து விரிவாக ஆராய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். நம் ஆய்வுகள் கடல் எல்லையில் வந்து நின்றுவிடுவது வருத்தத்துக்குரியது.

தீவின் அடியில் இருக்கும் நீர்

மன்னார்த் தீவில் ஆறு இல்லை, பெருங்குளமும் இல்லை. ஆனால் தலைமன்னார், பேசாலை, தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி, பள்ளிமுனை என ஊர்கள் நெருங்கி இருக்கின்றன. ஏரிதான் ஊரை உண்டாக்குகிறது என்போருக்கு இத்தீவே முதல் மறுப்பு.

தீவின் மக்கள் வாழ்ந்தது மணலின் தயவில். மழைநீர் மணலில் இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின் மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. உவர்நீரை விட நன்னீர் எடை குறைந்தது என்பதால் இது நிகழ்கிறது. ஆழமற்ற கிணறு தோண்டினால் குடிநீர் கிடைக்கும். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். இலங்கையின் நிலத்தடி நீரை வகைப்படுத்திய சி. ஆர். பானபொக்க போன்றோர் கரையோர மணற்படுகை நீரைத் தனி வகையாகவே கொண்டனர். மன்னார்த் தீவு அதற்கு முதன்மையான எடுத்துக்காட்டுகளில் ஒன்று. பள்ளிமுனையில் அராபிய வணிகர் கொண்டுவந்ததாகக் கருதப்படும் பெருக்கமரங்கள் நூற்றாண்டுகளாக நிற்பதும் இந்த வறண்ட மணலில்தான்.

மக்களை அழைத்தது கடல். மீன், சங்கு, முத்து, இரு கடல்களுக்கு இடையிலான கப்பல் வழி ஆகியவை நீர்வளம் குறைந்த இக்கரைக்கும் ஆட்களைக் கூட்டின. ஆனால் கூட்டம் வேறு, ஊர் வேறு. அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சிக் கரைகளில் முத்துக்குளிப்புக் காலத்தில் பல்லாயிரம் பேர் கூடினர். ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழுந்தது. 1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பு அவற்றில் பெரியது. சில வாரங்களில் முத்துக்குளிப்பு முடிந்ததும் அந்நகரம் கலைந்துவிடும். முத்துப் பார்களின் வளம் நிலையற்றது என்பது அதற்கு முதற்காரணம். கரையில் அத்தனை பேரை ஆண்டு முழுவதும் தாங்கும் நீர் இல்லாததும் அதற்கு இணையான காரணம் என்றே கருதுகிறேன். சில கிலோமீற்றர் உள்ளே முருங்கன், நானாட்டான் பக்கம் முத்தும் இல்லை, துறைமுகமும் இல்லை. ஆனால் அங்கே ஊர்கள் கலையவில்லை.

துறை முந்தியதா, குளம் முந்தியதா

இக்கேள்விக்கு மாதோட்டமே நல்ல சோதனைக்களம். திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்த மேடுதான் பண்டைய மாதோட்டம். பாளி நூல்களின் மகாதித்த துறையும் இதுவே. கட்டுக்கரைக்குளத்துக்கும் இதற்கும் நேர்கோட்டில் 12 கிலோமீற்றர் அளவு தூரம். லாட வடிவ மேடும் அதைச் சுற்றிய இரட்டை அகழியும் இன்றும் வானிலிருந்து எடுத்த படங்களில் தெளிவாகத் தெரிகின்றன.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கே பலர் அகழ்ந்தனர். 1980 முதல் ஜோன் காஸ்வெல் குழு நடத்திய அகழ்வு உள்நாட்டுப் போரால் 1984இல் நின்றது. அதன் அறிக்கை நூலாக வர 2013 ஆகிவிட்டது. 2009–2010இல் நடந்த மறு அகழ்வில் தாவர எச்சங்கள் கவனமாகச் சலித்தெடுக்கப்பட்டன. அம்முடிவுகள் 2018இல் வெளிவந்தன. 600ஆம் ஆண்டையொட்டித் தொடங்கும் மிளகு மணிகளும், 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட ஒற்றைக் கிராம்பு மொட்டும் பத்திரிகைகளில் பேசப்பட்டன. தொலைவிலிருந்து வந்த கோதுமையும் திராட்சையும் கூட அங்கே இருந்தன. என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது அவற்றை விட எளிய ஒரு செய்தி. தானிய எச்சங்களில் நெல்லே மிகுதி. கப்பலில் எது வந்து எது போனாலும், துறையில் வாழ்ந்தவர் அன்றாடம் உண்டது சோறு.

அந்த நெல் எங்கே விளைந்தது என்பதற்கு இரு விளக்கங்கள் கூடும். ஒன்று, அநுராதபுரச் சுற்றில் விளைந்து ஆற்றுவழியாகவோ தரைவழியாகவோ வந்தது. மற்றது, துறையின் முதுகுப்புறத்திலேயே விளைந்தது. இரண்டாவதற்கு மண் சாட்சியாக நிற்கிறது. முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் நீரை ஒழுகவிடாமல் தாங்கக்கூடியது. பின்னாளில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு அகழ்ந்து அனுப்பப்பட்டதும் இக்களிதான். அத்தகைய வயல் அருகே இருக்க, ஒவ்வொரு மூட்டையும் அநுராதபுரத்திலிருந்து வர வேண்டிய தேவை இல்லை. பற்றாக்குறை ஆண்டுகளில் மேலிருந்தும் வந்திருக்கலாம். இரு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

இனிக் காலவரிசையைப் பார்க்கலாம். மாதோட்டத்தில் கி.மு. கடைசி நூற்றாண்டுகளிலேயே குடியிருப்பு இருந்தது. அதற்கும் அடியில் கற்கருவிக் கால மனிதரின் தடயமும் உண்டு. பெருங்குளத்தை மரபு கி.பி. 5ஆம் நூற்றாண்டின் அரசன் தாதுசேனன் பெயரில் வைக்கிறது. பாளி நூல் சொல்லும் மானாமத்து என்ற குளம் இதுவே என்று சி. டபிள்யூ. நிக்கலஸ் போன்றோர் இனங்கண்டனர். இதை ஏற்றால், துறை பெருங்குளத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியதாகிறது. கட்டுக்கரைக்குளத்தை அண்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் அண்மை ஆண்டுகளில் நடந்த அகழ்வும் இத்திசையையே காட்டுகிறது. அங்கே பெருங்கற்காலப் பண்பாட்டோடு தொடர்புடைய குடியிருப்புத் தடயங்களும், யானை, குதிரை உள்ளிட்ட சுடுமண் உருவங்களும் கிடைத்தன. குளக்கரைக் கோயில்களில் மண்குதிரையும் யானையும் நேர்ந்துவைக்கும் ஐயனார் வழிபாட்டை அவ்வுருவங்கள் நினைவூட்டுகின்றன. தெற்கே பொம்பரிப்பில் 1970இல் விரிவாக ஆராயப்பட்ட தாழிக்காடும் ஆதிச்சநல்லூரை ஒத்த அதே பண்பாட்டைச் சேர்ந்தது. இந்த மக்களுக்கு நீர் வேண்டியிருந்தது. அரசன் ஒருவன் ஆற்றை மறிக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

தேவாரத்தில் சம்பந்தரும் சுந்தரரும் கேதீச்சரத்தைப் பாடியபோது, 7, 8ஆம் நூற்றாண்டுகளில், மாதோட்டம் செழித்த துறை. கோயிலைப் பாலாவியின் கரையில் அமைந்ததாகவே அப்பதிகங்கள் காட்டுகின்றன. பாலாவி கோயிலை ஒட்டிய நீர்நிலை. பக்தனின் கண்ணுக்குப் பட்டது இந்தச் சிறு நீர். வயலுக்குப் பாய்ந்தது பன்னிரண்டு கிலோமீற்றர் அப்பால் நின்ற பெருநீர். ஊரின் வாழ்வில் இரண்டுக்கும் தனித்தனி வேலை இருந்தது.

ஆகவே, குளம் துறையைத் தோற்றுவிக்கவில்லை. அது செய்தது வேறு. ஒருபோகமும் நிச்சயமில்லாத வயல்களை உறுதியான வயல்களாக்கியது. வணிகரும் படையும் அடியாரும் வந்துபோகும் துறைக்கு நிலையான சோற்றைத் தந்தது. நானாட்டானில் கிடைத்த, மீன் சின்னம் பொறித்த நாணயக் குவியலைப் பாண்டியத் தொடர்புடையது என்கின்றனர். துறைமுகத்தில் அல்லாமல் வயல் நடுவே அது புதைந்து கிடந்தது, செல்வம் கரையோடு நின்றுவிடவில்லை என்பதற்குச் சான்று.

டெனன்ட் பரப்பிய கதை

இவ்வளவுக்கும் எதிராக ஒரு பழைய கருத்து உண்டு. எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலில், கட்டுக்கரைக்குளம் ஒருபோதும் பயன்பட்டதே இல்லை என்ற கருத்தைப் பரப்பினார். மட்டம் பார்த்ததில் தவறு நேர்ந்ததால் ஆற்றுநீர் குளத்தை அடையவில்லை, அத்தனை உழைப்பும் வீணாயிற்று என்பது கதை. இது உண்மையானால் மேலே சொன்ன வாதம் முழுதும் சரியும்.

டெனன்ட் நேர்மையற்றவர் அல்லர். அவர் கண்டது உடைந்த கட்டும் தூர்ந்த வாய்க்காலும் காடேறிய குளப்பரப்பும். அழிந்ததைப் பார்த்து, முடிக்கப்படாதது என்று எண்ணினார். ஏறத்தாழ அதே காலத்தில், 1854இல், சூரிச் ஏரியில் நீர் வற்றியபோது தெரிந்த மரத்தூண்களை வைத்து ஃபெர்டினாண்ட் கெல்லர் நீரின்மேல் கட்டப்பட்ட ஊர்களைக் கற்பனை செய்தார். அவற்றில் பல ஈரக்கரையில் நின்ற வீடுகளே என்பது பிற்கால ஆய்வில் தெளிந்தது. நீர்மட்டம் மாறிய பின் எஞ்சுவதை வைத்து நீர்மட்டம் மாறுமுன் இருந்ததை ஊகிப்பதில் உள்ள இடர் இரண்டிலும் ஒன்றே.

ஹென்றி பார்க்கர் போன்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலத்தை முறையாக அளந்தபோது தவறான மட்டம் என்ற கதை நிற்கவில்லை. பண்டைய மதகுகளில் நீரின் வேகத்தை அடக்கும் பிசோகொட்டுவ என்ற கிணற்றமைப்பின் பொறியியலை விளக்கியவரும் பார்க்கரே. அவருடைய ‘பண்டைய இலங்கை’ நூல் 1909இல் வந்தது. வாதத்தை விட வலிய சான்று ஒன்றும் உண்டு. அந்த நூற்றாண்டின் இறுதியில் குளம் சீரமைக்கப்பட்டபோது நீர் அதே தேக்கத்தில்தான் திருப்பப்பட்டது. இன்றும் அங்கிருந்துதான் வருகிறது. முன்னோரின் மட்டம் பிழையானதாக இருந்திருந்தால் இன்று வயலில் நெல் இராது.

டெனன்ட் கதை இன்றும் சில பயண நூல்களில் தலைகாட்டுகிறது. கட்டியவர்களின் அறிவைக் குறைத்து மதிப்பிடும் கதைகளுக்கு ஆயுள் அதிகம்.

அரசா, ஊரா

பெருங்குளத்தை யார் நடத்தினர் என்பதே அதன் அழிவை விளக்கும் திறவுகோல். 1957இல் கார்ல் விட்ஃபோகல், பெரும் நீர்ப்பாசனம் பேரதிகார அரசைப் பிறப்பிக்கிறது என்றார். 1959இல் எட்மண்ட் லீச் அதை இலங்கைச் சான்றைக் கொண்டே மறுத்தார். உலர்வலயத்தின் அடிப்படை அலகு ஊர்க்குளம், அது அரசன் இல்லாமலும் நடக்கும் என்பது அவர் வாதம். 1971இல் ஆர். ஏ. எல். எச். குணவர்தன, விகாரைகளும் உள்ளூர்ப் பெருங்குடியினரும் நீர்நிலைகளிலும் நீர்வரியிலும் உரிமை கொண்டிருந்ததைக் கல்வெட்டுகளால் காட்டி இருவருக்கும் இடைப்பட்ட ஒரு விளக்கத்தை முன்வைத்தார்.

மன்னாரின் சான்று குணவர்தனவுக்கே நெருக்கமானது. மன்னார்க் கச்சேரியில் இருந்த 9ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு, இப்பகுதியில் ஒரு விகாரைக்கு உரிய மூன்று ஊர்களுக்கு அதிகாரிகளின் தலையீட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. அதாவது அரசன் தூரத்தில் இருந்தான், ஊரின் விளைவைக் கண்காணித்தது விகாரை. சோழராட்சியில் மாதோட்டம் இராஜராஜபுரம் ஆனபோது, தாழிகுமரன் என்பவன் அங்கே இராஜராஜ ஈஸ்வரம் எடுப்பித்து நிலம் விட்டான். அக்கல்வெட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ளது. விகாரையோ கோயிலோ, எதன் பெயரால் என்றாலும், விளைநிலத்தோடு கட்டுண்ட நிறுவனமே நீரைப் பேணும் அக்கறை உடையது.

ஆனால் லீச்சை முற்றாகத் தள்ளிவிட முடியாது. கட்டுக்கரையின் கீழே நூற்றுக்கு மேற்பட்ட சிறுகுளங்கள் இருக்கின்றன. பெருங்குளத்தின் நீர் வாய்க்கால் வழியாக அவற்றை நிரப்புகிறது. அவற்றிலிருந்தே பல வயல்களுக்குப் பாய்கிறது. பெருங்குளம் மட்டும் ஒரே நீர்நிலையாகத் திட்டமிடப்பட்டிருந்தால் நடுவே இத்தனை சிறுகுளங்களுக்கு வேலை இல்லை. முன்பே இருந்த ஊர்க்குளங்களின் மேல் பெருங்குளம் பொருத்தப்பட்டது என்று கொண்டால்தான் இந்த அமைப்பு பொருள்படுகிறது. மழைநீரை மட்டும் நம்பிய குளங்கள் ஆற்றுநீரின் துணையைப் பெற்றன. இதுவே என் வாதத்தின் நடுக்கம்பம்.

பெருங்குளம் உடைந்த பின்

993இல் தொடங்கிய சோழப் படையெடுப்பால் அநுராதபுரம் தலைநகர் நிலையை இழந்தது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பல குளங்களைச் சீரமைத்தான். 1215இல் மாகனின் படையெடுப்போடு அந்த எழுச்சியும் முடிந்தது. மாதோட்டத்தின் துறைமுக வாழ்வு 11ஆம் நூற்றாண்டுக்குப் பின் தேய்கிறது. உலர்வலயம் கைவிடப்பட்டது ஏன் என்பதை ஆராய்ந்த ரோட்ஸ் மர்பி 1957இல் படையெடுப்பு, மலேரியா, நிர்வாகச் சிதைவு ஆகியவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார். மன்னார்க் கரைக்குக் கப்பல் வழிகளின் மாற்றத்தையும் சேர்க்க வேண்டும்.

இவற்றுள் நிர்வாகச் சிதைவுக்கே நான் கூடுதல் எடை தருகிறேன். தேக்கம் அணை ஒவ்வொரு வெள்ளத்திலும் அடிபடுவது. வாய்க்கால் ஆண்டுதோறும் தூர்வது. ஓர் ஊரின் ஆட்கள் தம் குளக்கட்டை ஒரு கோடையில் சரிசெய்துவிடலாம். ஆற்றணையை அப்படிச் செய்ய முடியாது. பல ஊர்களை ஒன்றுகூட்டும் அதிகாரம் அகன்றதும் முதலில் வீழ்வது ஆற்றோடு உள்ள தொடர்புதான்.

அப்போது குடிகளும் அகன்றனரா என்பது முக்கியமான கேள்வி. 1560இல் மன்னார்த் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரும், 1658இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் மாந்தை, நானாட்டான், முசலி ஆகியவற்றை வரி தரும் நிர்வாகப் பிரிவுகளாகவே நடத்தினர். நெல்லே அப்பகுதியின் வருவாய். பெருங்குளம் செயலற்றுக் கிடந்த நூற்றாண்டுகளிலும் ஊர்கள் இருந்தன, வயல் விளைந்தது. ஏரியே குடியிருப்பின் மூலகாரணம் என்றால் ஏரி போனதும் ஊர் போயிருக்க வேண்டும். மக்கள்தொகை குறைந்தது, துறைமுகம் மறைந்தது; ஊர்க்குளமும் அதைச் சூழ்ந்த வீடுகளும் எஞ்சின.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று நம் காலத்திலேயே கிடைத்தது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் எருக்கலம்பிட்டியாரும் முசலி ஊர்களைச் சேர்ந்தோரும் அடங்குவர். 2007 முதல் 2009 வரையான போரில் மாந்தை, அடம்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கட்டுக்கரைக்கு இருபுறமும் நகர்ந்த போர்முனையிலிருந்து இடம்பெயர்ந்தன. ஆளற்ற ஊர்களில் சிறுகுளங்களின் கட்டில் மரம் முளைத்தது, வாய்க்கால் மண்மூடியது. குளம் தானே நின்று மக்களை அழைப்பதில்லை, மக்கள் நிற்கும்வரைதான் குளம் நிற்கிறது என்பதை மீள்குடியேறியோர் முதல் போகத்துக்கு முன் செய்ய வேண்டியிருந்த வேலையே காட்டிற்று.

இன்றைய கடைமடை

இப்போது கட்டுக்கரை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. காலபோகத்துக்கு மழையும் குளமும் சேர்ந்து ஏறத்தாழ முழுப்பரப்புக்கும் நீர் தருகின்றன. சிறுபோகத்தில் அது இயலாது. குளத்தில் உள்ள நீரின் அளவைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தெந்த வாய்க்காலுக்குத் திறப்பது என்பதைக் கமக்காரர் அமைப்புகளும் அதிகாரிகளும் கூடிப் பேசித் தீர்மானிக்கின்றனர். மதகுக்கு அருகே காணி உள்ளவருக்கும் வாய்க்காலின் கடைசியில் உள்ளவருக்கும் இடையிலான பிணக்கு அக்கூட்டங்களில் ஆண்டுதோறும் எழுவது.

அதே பிணக்கின் பெரிய வடிவம் ஆறு முழுவதிலும் இருக்கிறது. நாச்சதுவ, நுவர வாவி முதலிய மேற்பகுதிக் குளங்கள் தம் பங்கை எடுத்த பிறகே தேக்கத்துக்கு நீர் வருகிறது. தந்திரிமலைப் பக்கம் புதிய நீர்த்தேக்கம் அமைக்கும் கீழ் மல்வத்து ஓயாத் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்த ஒன்று. கட்டுக்கரைக்குக் கோடையில் நிலையான நீர் கிடைக்கும் என்பது அதன் ஆதரவாளரின் வாதம். மேலே புதிதாகக் காணி பெறுவோரின் தேவை முதலிடம் பெறும் என்பது கீழே உள்ளோரின் அச்சம். திட்டத்தின் கொள்ளளவை விட, வறட்சி ஆண்டில் தேக்கத்துக்கு விடவேண்டிய குறைந்தபட்ச நீர் எழுத்தில் உறுதிசெய்யப்படுகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஆற்றின் முடிவில் இன்னொரு பங்காளியும் உண்டு. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது; பூநாரைகள் உள்ளிட்ட வலசைப் பறவைகள் அங்கே வருகின்றன. கட்டுக்கரைக்குளமும் 1954 முதல் சரணாலயம். வங்காலையின் உவர்சேற்று நிலத்துக்கு நன்னீரின் வரவும் வேண்டும். எல்லாச் சொட்டையும் வயலில் நிறுத்துவது சரியென்று தோன்றினாலும், கரையோர மீனவரின் இறாலும் மீன்குஞ்சும் வளர்வது அந்தக் கலப்பு நீரில்தான்.

தீவில் பிரச்சினை வேறு உருவில் வந்திருக்கிறது. இல்மனைட் கலந்த கனிம மணலை அகழும் நோக்கில் மன்னார்த் தீவில் ஆய்வுத் துளைகள் இடப்பட்டன. மக்கள் எதிர்த்துத் தெருவில் இறங்கினர். நிறுவனங்களின் கணக்கில் மணல் ஒரு தாது. தீவின் நீர்க்கணக்கில் அதே மணல்தான் குளம், குளக்கட்டு, நீரேந்து பரப்பு எல்லாம். பெருநிலத்தில் குளக்கட்டை வெட்ட ஒருவரும் அனுமதி கேட்க மாட்டார். தீவின் மணலைத் தோண்ட அனுமதி கேட்கப்படும்போது, எத்தனை தொன் தாது கிடைக்கும் என்பதோடு, அம்மணல் எவ்வளவு நன்னீரைத் தாங்குகிறது, எத்தனை கிணறுகள் அதை நம்பியுள்ளன, தோண்டியபின் உவர்நீர் எந்த மட்டத்துக்கு ஏறும் என்ற மூன்று அளவுகளும் அதே அறிக்கையில், தமிழிலும், அவ்வூர் மக்கள் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும்.